மடியும் அன்னம்

அன்னப்பறவை வாழ்நாளெல்லாம் வாய் திறவாதிருந்து, உயிர் பிரியும் வேளையில் மட்டும் ஒருமுறை இனிது பாடும் என்பது ஐரோப்பிய மக்களிடையே வழங்கும் பழங்கதை. பறவை நூலார் இதனை ஒப்புவதில்லை. எனினும் கலைஞர்கள் அக்கதையைக் கைவிட்டாரில்லை. அதன் நிழலில் பிறந்த நடனங்களுள் தலைசிறந்தது ‘மடியும் அன்னம்’ என்னும் பாலே நடனமாகும். அஃது ஒருத்தி தனித்து ஆடுவது. மூன்று நிமிட அளவில் முடிந்துவிடுவது.

இந்நடனத்துக்குரிய இசையோ இறப்பை எண்ணி எழுதப்பட்டதன்று. பிரெஞ்சு நாட்டு இசைப்புலவர் கமீல் சான்-சான்ஸ் என்பார் 1886-ஆம் ஆண்டில் நண்பர்கள் கேட்டு மகிழ்வதற்காக ‘விலங்குகளின் திருவிழா’ என்றொரு தொகுப்பை இயற்றினார். பதினான்கு பகுதிகள் கொண்ட அத்தொகுப்பில் யானை வரும்; கங்காரு வரும்; பியானோ பயில்வோர்கூட ஒரு விலங்கினமாக வருவர்! பெரும்புலவர் என்னும் தம் பெயருக்கு இவ்வேடிக்கை இழுக்காகும் என்று கருதிய அவர், தம் வாழ்நாளில் அதனை வெளியிட இசையவில்லை. பதின்மூன்றாம் பகுதியாகிய ‘அன்னம்’ ஒன்றற்கு மட்டுமே விலக்கு அளித்தார். எஞ்சியவை அவர் மறைந்த பின், 1922-இல் அச்சேறின.

அத்தொகுப்பில் ஆமைக்குரிய பகுதி ஒன்றும் உண்டு. பாரிஸ் நகர மேடைகளில் துள்ளிக் குதித்து ஆடுதற்குரிய விரைவான மெட்டு ஒன்றை எடுத்து, அதனை மிக மிக மெல்ல வாசிக்கச் செய்தார் சான்-சான்ஸ். சுரங்கள் அவையே; காலப்பிரமாணம் மட்டுமே வேறு. களியாட்டம் ஆமை நடையாக மாறிவிட்டது. ஓர் இசையின் உணர்ச்சி அதன் சுரங்களில் மட்டும் தங்குவதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இனி அன்னத்துக்கு வருவோம். அதன் தலைப்பில் இத்தாலிய மொழியில் ‘நிதான நடை, நளினத்துடன்’ என்னும் பொருள்படும் குறிப்பு உள்ளது. தாளம் ஆறு எண்ணிக்கை. அது மும்மூன்றாகப் பிரிந்து ஊஞ்சல் போல் அசையும். சுருதி, ஆர்மோனியக்காரர் ஐந்து கட்டை என்று கூறும் ‘ஜி’. அமைப்பு மேஜர், கருநாடக இசையில் சங்கராபரணத்துக்குரிய ஏழு சுரங்களே அவை. மெட்டு மேல் ஷட்ஜத்தில் தொடங்கி, நி, க, த, ப என்று வளைந்து கீழ் ஷட்ஜத்தில் இறங்கும். உடனே ரி, க, ம என்று படிப்படியாக ஏறும். நீரில் மிதக்கும் பறவை கழுத்தைத் தாழ்த்தி நிமிர்த்துவது போன்றதே இவ்வளைவு. இதனைச் செல்லோ என்னும் தாழ்குரல் வில்லிசைக் கருவி பாட, இரண்டு பியானோக்கள் அடியில் அலைகளை எழுப்பும்.

மேஜர் அமைப்பு மகிழ்ச்சிக்கும் மைனர் அமைப்பு துயரத்துக்கும் உரியவை என்று மேலை இசையில் பொதுவாகக் கூறுவர். அவ்விதியை நம்பி இந்நடனத்தைக் காண்போர் திகைப்பர். இடையில் சில அடிகள் மைனர்ப் பக்கம் சாய்வது உண்மையே. ஆனால் அவை நெடிது தங்குவதில்லை. பாட்டு மீண்டும் ஒளியுள்ள பக்கமே திரும்புகிறது. பின், காண்போர் கண்களில் நீர் பெருகுவது ஏன்?

விடை நடன அமைப்பில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ருசிய நாட்டு நடன ஆசிரியர் மிகயீல் போக்கின் இவ்விசையை மாண்டலினில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், அன்னா பாவ்லோவா என்னும் நடனமணி அவரை அணுகி, அரங்கு ஒன்றில் ஆடுவதற்குப் புதுநடனம் வேண்டினார். மெலிந்த உடலும் நீண்ட கைகளும் உடைய அவருக்கு அன்னமே பொருந்தும் என்று கண்ட போக்கின், சிறுபொழுதில் அதனை அமைத்துக் கொடுத்தார். ஆடுபவள் கால்விரல் நுனியில் நின்று, மிகச் சிறிய அடிகளை மிக விரைவாக வைத்து மேடையெங்கும் வழுக்கிச் செல்கிறாள். கைகளோ செல்லோவைப் பின்பற்றி மெல்ல எழுந்து தாழ்கின்றன. ஓருடலில் இரு காலங்கள்! கால்கள் பியானோவின் அலையைப் பற்றிக்கொள்ள, கைகள் பாட்டைப் பற்றிக்கொள்கின்றன. கீழே நடுங்குவது உயிர். மேலே பறக்க முயல்வது ஆசை. இசை கலங்காமல் செல்லச் செல்லப் பறவையின் தளர்ச்சி மிகுதியாகத் தோன்றுகிறது. அழும் இசையொன்றை இதற்கு அமைத்திருந்தால் இவ்வளவு உருக்கம் பிறந்திராது. இறுதியில் அவள் தரையில் சரிந்து, நீட்டிய கால்மேல் தலை கவிழ்ந்து அடங்குகிறாள். செல்லோ ஷட்ஜத்தில் நீண்டு நின்று தேய்ந்து மறைகிறது.

பாவ்லோவா இந்நடனத்தை உலகெங்கும் எடுத்துச் சென்றார், இந்தியாவுக்கும் வந்தார். ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்தின்பால் ஊக்கியவர்களுள் அவரும் ஒருவர். 1920-களில் அவர் ஆடியதைப் பதிவு செய்த ஊமைப்படம் இன்றும் உள்ளது. அதில் இசையில்லை, ஆயினும் அக்கைகளைப் பார்த்தே பாட்டின் காலத்தை அளந்துவிடலாம்.

1931-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் பாவ்லோவா நோயுற்று மறைந்தார். அதன்பின் இலண்டன் அரங்கு ஒன்றில் திரை விலகியபோது மேடையில் ஒருவரும் இல்லை என்றும், அவர் ஆடவேண்டிய இடத்தில் விளக்கொளி மட்டும் மெல்ல நகர, அன்னத்தின் இசை முழுதும் வாசிக்கப்பட்டது என்றும் கூறுவர். அவையோர் எழுந்து நின்று கேட்டனராம்.