மிக்சருக்கும் ஒரு போட்டோ

எடையைக் குறைக்க நினைக்கிறவங்க, சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டை போன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்கறது நல்லது. சாப்பாட்டு விஷயத்துல நம்ம ஞாபகத்தை நம்பவே முடியாது. ‘கொஞ்சமாத்தான் சாப்பிடறேன், எடை இறங்கல’ன்னு சொன்னவங்களை வெச்சு அமெரிக்காவுல நடந்த ஒரு ஆய்வு 1992ல வெளியாச்சு. அவங்க சொன்ன கணக்கு, நிஜமா சாப்பிட்டதை விட சராசரியா 47 சதவீதம் கம்மி. டீயோட உள்ள போற வடையை யாரு கணக்குல சேர்க்கறா?

படத்துல எண்ணெய் தெரியாதேன்னு கேக்கலாம். நியாயம்தான். கிராமுக்கு 9 கலோரி, அதை கேமரா காட்டாது. ஆனா எத்தனை பூரி, எத்தனை மணிக்குன்னு காட்டிடும். எதைக் குறைக்கலாம்னு யோசிக்க அது போதும். சாப்பாட்டை நினைச்சாலே பதறுறவங்களுக்கு மட்டும் இது வேண்டாம். பிரியாணியை மூணு கோணத்துல எடுத்துப் போடற நாம, ராத்திரி பதினோரு மணி மிக்சரை மட்டும் ஏன் எடுக்க மாட்டேங்கறோம்?