பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கிறவர்கள்

மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. அங்கே வீடு மாறிய கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் ஊரின் பெயரைக் கேட்டார். மூன்று தடவை சொல்லியும் அவர் வாயில் அது நிற்கவில்லை. மாதாவின் தாயார் அன்னம்மாளின் பெயரில் உள்ள ஊர் என்று விளக்கினேன். "சந்தனமாதா கோயிலடி எண்டு சொல்லன். அதுக்கேன் இவ்வளவு பாடு?" என்றார். பாஷையூரில் பிறந்தவர், அவருக்கு அது போதும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது சந்தனமாதா ஊர்.

சின்ன ஊர், ஐயாயிரம் பேர்தான். மென்மயிர் வியாபாரத்துக்காக ஒட்டாவா ஆற்றில் மேற்கே துடுப்பு வலித்துப் போனவர்கள், தீவை விட்டுக் கிளம்புமுன் இங்கே அன்னம்மாளிடம் மன்றாடிவிட்டுத்தான் போவார்களாம். 1843இல் திறந்த கால்வாயில் கோடை முழுவதும் படகுகள் நீர்க்கதவுக்காகக் காத்து நிற்கும். கரையோரமாக ஒரே ஒரு கடைத்தெரு. அந்தத் தெருவிலும் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் பல வருடமாக நான் எடுத்துவருவது கடைகளின் பெயர்ப்பலகைகளை. ஆட்களை எடுக்காமல் பலகைகளை எடுப்பதேன் என்று கண்காட்சிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஆட்களை எடுக்கப் போய்த்தான் பலகைக்கு வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் சித்தப்பா ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தார். 1990இலிருந்து 95 வரை நகரத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள், மண்ணெண்ணெய் பவுண் விலை. ஸ்ரூடியோ வடக்குப் பார்த்த யன்னல் வெளிச்சத்தில் நடந்தது. வருகிறவர்களில் அரைவாசிப் பேருக்கு அடையாள அட்டைப் படம் வேண்டும். கதிரையில் இருத்தி, நாடியைத் தொடாமல் விரலால் காட்டி முகத்தைத் திருப்புவார். பிறகு "எடுக்கட்டோ?" என்பார். பதில் வரும்வரை விரல் அமத்தாது. கிழவிகள் சிலர் பதில் சொல்ல அரை நிமிடம் எடுப்பார்கள், சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு "ம்ம்" என்பார்கள். பக்கத்தில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்குக் கை உளையும். இதெல்லாம் பழங்காலத்து மரியாதை என்று நினைத்தேன்.

மொன்றியலுக்கு வந்து கையில் நாலு காசு சேர்ந்ததும் பழைய கமரா ஒன்று வாங்கி, அந்த மரியாதையை முதலில் கைவிட்டேன். அப்போது என் குரு சாம் டாடா என்ற புகைப்படக்காரர். ஷங்காயில் பிறந்த பார்சிக்காரர். பம்பாயில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெசோனைச் சந்தித்து அவர் வழியைப் பற்றிக்கொண்டவர். 1949இல் ஷங்காய் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறிய நாட்களைத் தெருவில் நின்று எடுத்தார். 1956இல் மொன்றியலுக்கு வந்து, இந்த நகரத்தின் மனிதர்களையும் சின்னக் கமராவால் எடுத்தார். ஆளுக்குத் தெரியாமல் பிடித்த கணம் என்றால் அது அவருடையது. நானும் கோட்-டெ-நெஜ் பஸ் தரிப்பிடங்களில், இடுப்பளவில் கமராவைத் தொங்கவிட்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல நின்று அமத்திக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் ஒப்ரி வழக்கைப் பற்றி அறிந்தேன். சென்ட் கத்ரீன் தெருவில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணை ஒருவர் படம் எடுக்கிறார். பெண்ணுக்குத் தெரியாது. 1988இல் ஒரு கலைச் சஞ்சிகையில் அது வருகிறது. தன்னைக் கேட்காமல் போட்டார்கள் என்று அந்தப் பெண் வழக்குப் போட, அது கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 1998இல் பெண்ணின் பக்கம் தீர்ந்தது. நட்டஈடு 2,000 டொலர். தொகை சின்னது, ஆனால் கியூபெக்கில் தெருப்படம் எடுக்கிறவர்களின் கையில் அது இட்ட விலங்கு பெரியது. கூட்டத்தில் ஒருவராகத் தெரிந்தால் பரவாயில்லை. ஒருவர் முகமே படத்தின் பொருள் என்றால், வெளியிட அவர் சம்மதம் வேண்டும்.

படம் எடுக்கிற எங்கள் ஆட்கள் பலர் இந்தத் தீர்ப்பைத் திட்டுவார்கள். நானும் திட்டினேன். முகம் இல்லாமல் நகரமா? அந்தக் கோபத்தில்தான் ஆள் இல்லாத கடை முகப்புகளை எடுக்கத் தொடங்கினேன். சரியாகச் சொன்னால், மனிதர்களிடமிருந்து ஒளிந்துகொள்ளப் பலகைகளிடம் போனேன்.

அந்த நேரத்தில் கண்ணில் பட்டவர் கபோர் சிலாஷி. புடாபெஸ்ட்டில் பிறந்து, 1956 எழுச்சியைத் தெருவில் நின்று எடுத்து, 57இல் கனடாவுக்கு வந்தவர். 1977இலிருந்து 79 வரை சென்ட் கத்ரீன் தெருவின் முகப்புகளை முக்காலி வைத்து, பெரிய கமராவில், கட்டடம் கட்டடமாக எடுத்தார். 1980களில் மின்விளக்குப் பலகைகளை நிறப்படமாக எடுத்தார். தான் விட்டுவந்த புடாபெஸ்ட்டுக்குத் திரும்பிப் போயும் எடுத்திருக்கிறார். பெரிய கமராவோடு ஒளிய முடியாது. கறுப்புத் துணிக்குள் தலையை விடும்போதே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். டாடாவும் சிலாஷியும் ஆளுக்கொரு நகரத்தைப் பறிகொடுத்து, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இந்த நகரத்துக்கு வந்தவர்கள். ஒருவர் தெரியாமல் எடுத்தார், மற்றவர் தெரிய எடுத்தார். (எங்கள் நாட்டில் தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே 1956. எந்த வருடத்தையும் நாங்கள் இப்படித்தான் ஞாபகம் வைக்கிறோம்.)

சிலாஷி சென்ட் கத்ரீனில் முக்காலியை நட்ட 1977இலேயே கியூபெக்கில் 101ஆம் சட்டம் வந்தது. வெளியில் தொங்கும் வியாபாரப் பலகை பிரெஞ்சில் மட்டும் இருக்க வேண்டும் என்றார்கள். ஈட்டன் என்ற பெரிய கடை தன் பெயரின் வாலில் இருந்த ஆங்கில 'ஸ்' எழுத்தையும் அதன் முன்னால் நின்ற குறியையும் இழந்தது இந்தக் காலத்தில்தான். நீதிமன்றம், திருத்தம், எதிர்த்திருத்தம் எல்லாம் கடந்து 1993இல் வேறு மொழியும் நிற்கலாம், ஆனால் பிரெஞ்சு தூக்கலாக நிற்க வேண்டும் என்றானது. 2022இன் 96ஆம் சட்டம் பிடியை இறுக்கியது. 2025 ஜூன் முதலாம் திகதியிலிருந்து பிரெஞ்சு எழுத்து மற்ற மொழியைவிட இரண்டு பங்கு இடம் எடுக்க வேண்டும். ஆங்கிலமும் பிரெஞ்சும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த சந்தனமாதா ஊரில் ஏணிகள் சுவரில் சாய்ந்த வருடம் அது.

யாழ்ப்பாணத்துப் பலகைக்கு வேறு கணக்கு. அரசாங்கப் பலகையில் சிங்களம் மேலே, தமிழ் நடுவே, ஆங்கிலம் கீழே. நாடு முழுக்க நாங்கள் பார்த்துப் பழகிய வரிசை அது. வடக்கில் தமிழ் மேலே நிற்கிற பலகைகளும் உண்டு, அவற்றைப் பார்த்ததும் மனதுக்குள் ஒரு சின்னத் துள்ளல் வருவதை மறைக்கமாட்டேன். 1958இல் வாகன இலக்கத் தகட்டின் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்காகத் தார்வாளி தூக்கிய நாடு. ஆக, இங்கே பெரிதா சிறிதா என்று அகலம் அளக்கிறார்கள். அங்கே மேலா கீழா என்று உயரம் பார்க்கிறார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இரண்டு ஊர்ப் படங்களையும் ஒரே மேசையில் பரப்பி வைத்திருந்த ஒரு பனிக்கால இரவில் கண்ணுக்குத் தெரிந்தது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிற தமிழ்ப் பலசரக்குக் கடைகளின் பலகைகளை அவற்றோடு சேர்த்து வைத்தேன். பிரெஞ்சு பெரிதாய், ஆங்கிலம் சிறிதாய், தமிழ் ஓரத்தில் மூக்குத்திபோல.

பலகை எடுப்பது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். பலகை தலைக்கு மேலே இருக்கும். கீழே நின்று கமராவை அண்ணாத்தினால் கட்டடம் பின்னால் சாயும், எழுத்துகள் மேலே போகப் போகக் குறுகும். கமரா நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் நீங்கள் தூரப் போக வேண்டும், அல்லது உயர வேண்டும். கஸ்தூரியார் வீதியில் தூரப் போக இடமில்லை, முதுகு எதிர்க்கடைச் சுவரில் முட்டும். எனவே ஒரு கடையின் பலகையை எடுக்க எதிர்க்கடையின் படியில் ஏற வேண்டும், அல்லது மேல்மாடியில். அதற்கு எதிர்க்கடைக்காரரைக் கேட்க வேண்டும். அவர் உடனே விடமாட்டார். "அவன்ரை போட்டை ஏன் எடுக்கிறியள்? என்ரை போட்டுக்கு என்ன குறை?" என்பார். அதையும் எடுக்க வேண்டும். அதற்கு முதற்கடைக்குப் போய் அவருடைய படியைக் கேட்க வேண்டும். இரண்டு பலகைக்கு ஒரு காலை முடிந்துவிடும், மூன்று பிளேன்ரீயும். மனிதர்களிடமிருந்து ஒளியப் போனவன் கதை இப்படி ஆயிற்று.

வெளிச்சமும் ஒத்துழைக்காது. யாழ்ப்பாணத்தில் சித்திரையிலும் ஆவணியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலையில் நிற்கும். தகரத் தாழ்வாரத்தின் நிழல் பலகையை முழுதாக விழுங்கிவிடும், காலை எட்டுக்கு முன்னர் வேலையை முடித்துவிட வேண்டும். சந்தனமாதா ஊரில் டிசம்பர் கடைசியில் மத்தியானச் சூரியன் 21 பாகை அளவுக்குத்தான் எழும்பும். வெயில் தெருவில் படுத்தபடி வரும். உச்சி வேளையிலும் மாலை வெளிச்சம், பலகை எடுக்கிறவனுக்கு அது வரம். ஆனால் பனி கமராவை ஏமாற்றும். கமரா காட்டுகிற அளவை நம்பி எடுத்தால் வெண்பனி சாம்பலாகிவிடும், ஒரு ஸ்டொப் கூட்டிக் கொடுக்க வேண்டும். மைனஸ் இருபதில் பற்றரி அரை மணித்தியாலத்தில் செத்துவிடும், மாற்றுப் பற்றரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பேன். வீட்டுக்குள் நுழையுமுன் கமராவைப் பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் வியர்க்கும். பற்றரி இல்லாத ஊரில் கற்றுக்கொண்ட தொழிலைப் பற்றரி சாகிற ஊரில் செய்கிறேன்.

அந்த்ரே மச்சியெயெவ்ஸ்கி என்றொரு புகைப்படக்காரர் இருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் நொட்மன் மொன்றியலை எடுத்த அதே இடங்களைத் தேடிப்பிடித்து, அங்கேயே நின்று மறுபடி எடுத்து 2003இல் புத்தகமாக்கினார். இடத்துக்குத் திரும்பி வருகிற வழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. எந்தப் படி, எந்த லென்ஸ், எத்தனை மணி என்று ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறேன். ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். விக்டோரியா பாலம் கட்டப்பட்டதை நொட்மன் படம் படமாக எடுத்தார். 1860இல் அதைத் திறக்க வந்த வேல்ஸ் இளவரசர்தான் 1875இல் இலங்கைக்கு வந்தவரும். அந்த வருகையின் ஞாபகமாக எழும்பியது யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம். அதனடியில்தான் நான் பள்ளிக்கூடக் காலத்தில் பஸ்ஸுக்கு நின்றேன்.

போருக்குப் பிறகு 2010இல் முதல் தடவை ஊருக்குப் போனேன். கொப்பியில் அந்த வருடத்துக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக் குறிப்பு எதுவும் இல்லை. இராணுவச் சென்ற்ரியில் கமராவை எடுத்தால் என்ன நடக்கும் என்று அங்கே வளர்ந்த எங்களுக்குத் தெரியும். அந்தத் தடவை ஆஸ்பத்திரி வீதியில் வங்கிகளும் தொலைபேசிக் கொம்பனிகளும் சிவப்பும் நீலமும் பச்சையுமாக வந்து இறங்கியிருந்தன. அடுத்தடுத்த பயணங்களில் கையால் எழுதிய பலகைகள் ஒவ்வொன்றாய்க் கழன்று, பிளெக்ஸ் பனர்கள் ஏறின. எழுத்து எல்லாம் ஒரே கணினி எழுத்து. நாலு கடைக்கு நாலு 'ழ' இருந்த தெருவில் இப்போது ஒரே 'ழ'.

சந்தனமாதா ஊரில் நான் அடிக்கடி எடுத்த ஒரு சின்னக் கடை உண்டு. தகப்பன் காலத்துப் பலகை, ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே உயரத்தில். ஒரு நாள் முக்காலியோடு நிற்கையில் கடைக்கார அம்மா வெளியே வந்து, எதையாவது தேடுகிறீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். பலகையைத்தான் என்றேன். பலகை அங்கே இல்லை. கழற்றியாகிவிட்டது, புதியது அடுத்த கிழமை வருமாம். சுவரில் செங்கல் மட்டும் பலகையின் அளவுக்கு நிறம் மங்காமல் நீள்சதுரமாக நின்றது. அதை எடுக்கலாமா என்று கேட்டேன். யோசித்தார். பிறகு தானும் அதற்குக் கீழே நிற்கலாமா என்று அவர் என்னைக் கேட்டார். உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்தார். சித்தப்பாவின் யன்னலடியில் கை உளைய நின்ற அதே அரை நிமிடம். "எடுக்கட்டோ?" என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. விளங்கியதுபோலத் தலையாட்டினார்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பயணத்தில் யாழ்ப்பாணம் போய், கொப்பியைப் பார்த்துக் கடை கடையாக ஏறினேன். இந்தத் தடவை பலகைக்குக் கீழே நிற்பீர்களா என்று கேட்டேன். சிலர் மறுத்தார்கள். ஒருவர் கடையை மூடிவிட்டுச் சாரத்தை மாற்ற வீட்டுக்குப் போனார். ஒரு நகைக்கடைக்காரர் முதலாளி படத்துக்கு நிற்பது ராசியில்லை என்று வேலைக்காரப் பெடியனை நிறுத்தினார். எதிரிலே படத்தில் விழாமல் நின்று வழி சொன்னவர்களையும் சேர்த்தால் வீதியே படம் எடுத்தது எனலாம். இவை விறைத்த படங்கள்தான். டாடா பார்த்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பார். எனக்கு அந்த விறைப்புப் பிடித்திருக்கிறது. தன்னை எப்படிக் காட்டுவது என்று ஒருவர் எடுத்த முடிவு அதில் இருக்கிறது.

நகரத்துப் பழைய பலகைகளில் பலதை எழுதியவர் இன்னும் இருக்கிறார் என்று அங்கேதான் சொன்னார்கள். தேடிப் போனேன். எழுபது கடந்தவர். கை இலேசாக நடுங்குகிறது, தூரிகை பிடித்தால் நடுங்காது என்றார் மகள். என் படங்களைத் திண்ணையில் வரிசையாக வைத்தேன். தன் எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இது எந்த வருடம், இதற்கு எவ்வளவு காசு, இதற்குக் காசே தரவில்லை என்று சொல்லிக்கொண்டு போனார். ஒரு படத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, இது நான் எழுதினதுதான். ஆனா நான் இப்பிடிச் சரிச்சு எழுதேல்லை. உம்மடை படம்தான் மட்டம் பிழை."

குனிந்து பார்த்தேன். இடது பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. மொன்றியலில் இரண்டு கண்காட்சிகளில் தொங்கிய படம் அது. பின்னேரமே பெரியகடைக்குப் போய், மேசன்மார் வைத்திருக்கிற சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கி முக்காலித் தலையில் கட்டினேன். விடிந்ததும் அதே கடைக்கு எதிர்ப்படியில் ஏற மறுபடி கேட்கப் போனேன்.