கல்லில் செதுக்கிய பன்னிரண்டு மாதம்

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் கடற்கரையோரம் பர்ன்ஹாம் டீப்டேல் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள தூய மரியாள் ஆலயத்தின் கோபுரமே விசித்திரமானது. உருளை போல வட்டமாக இருக்கும். ஆனால், உள்ளே போனவர்கள் அதிக நேரம் நிற்பது ஒரு கல்தொட்டியின் முன்னால்தான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 12-ஆம் நூற்றாண்டில் செதுக்கியது.

சதுரமான தொட்டி. ஒரு பக்கம் முழுக்க இலையும் கொடியும். மற்ற மூன்று பக்கங்களிலும் பக்கத்துக்கு நான்கு வளைவுகள், வளைவுக்கு ஒரு மாதம். ஆக, ஒரு முழு வருடம்!

ஜனவரியில் ஒருவர் கொம்பில் ஊற்றிக் குடிக்கிறார். பிப்ரவரியில் நெருப்பருகே உட்கார்ந்து கால் காய்கிறார். அந்தக் கடற்கரைக் குளிர் அப்படி. மார்ச்சில் மண்ணைக் கொத்துகிறார், ஏப்ரலில் கவாத்து. மே மாதத்து மனிதர் கையில் கொடி. ஊரார் பாதிரியாரோடு வயல்களைச் சுற்றி வந்து விளைச்சலுக்காக ஜெபிக்கும் பவனி அது. பிறகு களையெடுப்பு, புல் அறுப்பு, கதிர்க்கட்டு, போரடிப்பு. நவம்பரில் பன்றி வெட்டுகிறார்கள். டிசம்பரில் நான்கு பேர் மேஜையைச் சுற்றி விருந்து சாப்பிடுகிறார்கள்.

கோயில் தொட்டிக்கு வேதாகமக் காட்சி ஒன்றைச் செதுக்கியிருக்கலாம். அந்தச் சிற்பி தேர்ந்தெடுத்தது வயல்வேலையை. அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் பிறந்த அன்றோ மறுநாளோ குழந்தையை இங்கே தூக்கி வந்துவிடுவார்கள். அவ்வளவு அவசரம் எதற்கு? ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைக்கு மோட்சம் கிடையாது என்று நம்பினார்கள். பிள்ளைகள் பொசுக்கென்று போய்விடும் காலம் அது. வாசலிலேயே சடங்கு தொடங்கும், குழந்தையின் வாயில் துளி உப்பு வைப்பார்கள். பிறகு உள்ளே கொண்டுபோய், துணியை அவிழ்த்து, மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். ஜனவரியானாலும் அப்படித்தான்.

பக்கத்தில் பெற்றவள் இருக்க மாட்டாள். பேறு முடிந்து ஏறத்தாழ 40 நாள் கழித்து, சுத்திகரிப்புச் சடங்கு செய்த பிறகே அவள் கோயிலுக்குள் வரலாம். பிள்ளையை ஏந்தி நிற்பவர்கள் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும்தான். ஆண்பிள்ளைக்கு இரண்டு ஞானத்தகப்பன், ஒரு ஞானத்தாய். பெண்பிள்ளைக்கு அப்படியே திருப்பி. பத்து மாதம் சுமந்தவள் வீட்டில் படுத்தபடி, பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று திரும்பி வருகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எத்தனை முறை நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

குழந்தை கோயில்வரை தாங்காது என்று தெரிந்தால் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதற்கான வார்த்தைகளை ஊராருக்குச் சொல்லித்தர வேண்டியது பாதிரியாரின் கடமை. திருச்சபை பெண்ணின் கைக்குக் கொடுத்த அபூர்வமான அதிகாரம் அது.

தொட்டித் தண்ணீரை மந்திரித்து வைப்பார்கள். நாள்கணக்கில் அது அப்படியே இருக்கும். அதைத் திருடிப் பில்லி சூனியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற பயத்தில், 1236-இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட், தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார். பழைய தொட்டிகள் பலவற்றின் விளிம்பில் பூட்டுக்கொக்கி பிடுங்கிய தழும்பு இன்றும் உண்டு.

1644-இல் நாடாளுமன்றம், இப்படிப்பட்ட தொட்டிகளையே அகற்ற உத்தரவிட்டது. நாடெங்கும் பல தொட்டிகள் வெளியே எறியப்பட்டன. சில, மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிகளாயின. டீப்டேல் தொட்டி எப்படியோ தப்பிவிட்டது. விரிசலும் தேய்மானமுமாக அதே ஊர் ஆலயத்தில் இருக்கிறது. பிப்ரவரிக்காரர் இன்னும் கால் காய்ந்துகொண்டிருக்கிறார்.