மேசையில் முளைத்த இரும்புக் கை



போன வாரம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், மேசையில் கொக்கு மாதிரி நிற்கிறதே, அது என்ன?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நாற்பது நிமிடப் பாடவேளையைத் தாங்கியவர்களுக்கு இது பெரிதில்லை.

அதன் பெயர் மானிட்டர் ஆர்ம். கணினித் திரையைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கை.

உங்களில் சிலரின் பிள்ளைகளுக்கு வாரத்தில் நான்கு நாள் இணையம் வழியாகத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறேன் அல்லவா? ஆறு மாதமாகக் கழுத்தில் வலி. எலும்புத் தேய்மானம் என்றார் மருத்துவர். குறையாவிட்டால் வகுப்பை நிறுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். வலியைவிட அந்த வார்த்தைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 'ழ'கரத்தை இப்போதுதான் பிடித்திருக்கும் பிள்ளைகளைப் பாதியில் விடுவதா?

பிசியோதெரபி செய்யும் பெண், "கணினி முன் எப்படி உட்காருவீர்கள், காட்டுங்கள்" என்றாள். காட்டியதும் காரணத்தைச் சொல்லிவிட்டாள். நான் போடுவது புரோகிரஸிவ் கண்ணாடி. மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிப்பதற்கு. திரை உயரத்தில் இருந்தால் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தால் கழுத்து என்ன செய்யும்?

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. நம்மைப்போல் பைஃபோகல், புரோகிரஸிவ் போடுகிறவர்களுக்கு அதைவிடத் தாழ்வாக, சற்றே பின்னால் சாய்ந்தபடி இருப்பது நல்லது. என் மானிட்டரின் ஸ்டாண்டிலோ உயரத்தைக் குறைக்க வழியே இல்லை.

"மேசையையே மாற்றிவிடலாம்மா" என்றாள் மகள். அது 1988-இல் ஆசாரியை வீட்டுக்கு வரவழைத்துச் செய்த தேக்கு மேசை. உங்கள் கட்டுரை நோட்டுகள் அத்தனையையும் திருத்தியது அதில்தான். மேசை போகாமல் திரை மட்டும் இறங்க என்ன வழி என்று தேடியபோதுதான் இந்தக் கை கிடைத்தது.

வாங்க நினைப்பவர்கள் நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, திரையின் முதுகில் சதுரமாக நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா? இதை வெசா அளவு என்பார்கள். வீட்டு மானிட்டர்களில் பெரும்பாலும் ஓட்டைகளுக்கு இடையே 75 அல்லது 100 மில்லிமீட்டர் இருக்கும். சில மானிட்டர்களில் ஓட்டையே இருக்காது.

இரண்டு, ஸ்டாண்டைக் கழற்றிய பின் திரையின் எடை. என்னுடையது மூன்று கிலோ. கை தாங்கும் எடைக்குக் கீழ்வரம்பும் உண்டு, மேல்வரம்பும் உண்டு. திரை மிக லேசாக இருந்தால் தானாக மேலே ஏறிவிடும்.

மூன்று, மேசைப் பலகை. கவ்வியின் தாடை நுழைய அடியில் இடம் வேண்டும். பழைய மேசைகளில் பலகைக்குக் கீழே சட்டம் ஓடும். என் மேசையில் பின்பக்கம் பலகை சட்டத்தைத் தாண்டி இரண்டரை அங்குலம் நீட்டியிருந்தது. அளந்து பார்த்த பிறகே வாங்கினேன்.

நான்கு, கண்ணாடி மேசையில் மாட்டவே மாட்டாதீர்கள். குடத்தை இடுப்பில் வைத்தால் பாரம் தெரியாது. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால்? ஐந்தாம் வகுப்பில் படித்த நெம்புகோல்தான். கை நீள நீளக் கவ்வும் இடத்தில் இழுப்பு கூடும். துகள்பலகை என்றால் மேலும் கீழும் இரும்புத் தகடு வைத்து மாட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கைக்குள் அழுத்தப்பட்ட வாயு அடைத்த உருளை இருக்கிறது. காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் தண்டும் இதே இனம்தான். திரையைக் கழற்றும்போது கையை முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தாழ்வில் வைத்துக் கழற்றினால் வெற்றுக் கை சட்டென்று மேலே பாய்ந்து முகத்தில் அடிக்கும்.

பாரத்தைச் சுருளால் சமன் செய்து நிறுத்தும் யோசனை பழையது. 1932-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கார்வர்டைன் என்ற வாகனப் பொறியாளர் சுருள்வில்களை வைத்து, விட்ட இடத்தில் நிற்கும் மேசைவிளக்குக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆங்கிள்பாய்ஸ் விளக்கு அதன் வழிவந்ததுதான்.

பேரனும் நானுமாக முக்கால் மணி நேரத்தில் மாட்டினோம். திரை கீழே சரிந்தது. அறுகோணச் சாவியால் கூட்டல் குறிப் பக்கம் திருகத் திருக, ஓர் இடத்தில் அப்படியே நின்றது. இப்போது எனக்குத் தாழ்த்திக்கொள்கிறேன், அவன் வந்தால் உயர்த்திக்கொள்கிறான். ஸ்டாண்ட் இருந்த இடத்தில் கோடு போட்ட நோட்டை விரித்து எழுத முடிகிறது.

இரண்டு மாதம் ஆகிறது. மருத்துவர் சொன்ன பயிற்சிகளையும் விடாமல் செய்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். வலி முழுதாகப் போகவில்லை, மாத்திரை இல்லாமல் வகுப்பை முடிக்க முடிகிறது. இந்த வயதில் அது போதும்.

நாள் முழுக்க மடிக்கணினி முன் குனிந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தனி விசைப்பலகை ஒன்று வாங்கி, மடிக்கணினிக்கு அடியில் நாலு தடித்த புத்தகங்களை வையுங்கள். இன்றைக்கே செய்யலாம்.

வியாழக்கிழமை வகுப்பு வழக்கம்போல் ஆறு மணிக்கு. பிள்ளைகளை 'ல, ள, ழ' சொற்கள் பத்துப் பத்து எழுதி வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்