பதினைந்து தௌ

அக்டோபர் 6

எழுபதைத் தொட இரண்டு வருஷமே பாக்கி இருக்கும் வயதில் ஒருவன் நாட்குறிப்பு எழுதத் தொடங்குவது பிறருக்கு அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் சென்ற மாதம் 27-ஆம் தேதி காலையில் தபாலாபீஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்த நான், அடுத்த கணம் என்று எனக்குத் தோன்றியபோது ஆம்புலன்ஸில் படுத்திருந்தேன் என்பதும், அந்த இரண்டு கணங்களுக்கும் நடுவே நாற்பது நிமிஷம் கழிந்துவிட்டதென்று பிறர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதும் சேர்ந்து, இனிமேல் நடப்பதையாவது கையோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமென்ற பதைப்பை உண்டாக்கிவிட்டன.

ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை, இருதயம் ஒழுங்காக அடிக்கிறது. காரணம் ஏதும் புலப்படவில்லை, மறுபடியும் வராமலே போனாலும் போகலாம் என்றார் வைத்திய நிபுணர். ஆறு மாதம் கார் ஓட்டக்கூடாது என்பது மட்டும் திட்டவட்டமாக இருந்தது. லைசென்ஸை உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். வலிப்பு என்ற சொல்லை அந்த நிபுணர் ஒரே ஒரு தடவைதான் உச்சரித்தார். என் மனைவி அதையும் உச்சரிப்பதில்லை, “அன்னிக்கு” என்கிறாள்.

அக்டோபர் 9

ஓட்டக்கூடாது என்றார்களே தவிர, தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பதினொரு வருஷமாக கராஜில் போர்வைக்கடியில் கிடந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை இன்று திறந்தேன். 1969-ஆம் வருஷத்து மார்க் 3, 1296 சி.சி. எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். இதே கவென்ட்ரியில், கான்லி தொழிற்சாலையில் பிறந்த வண்டி. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், பானெட்டும் மட்கார்டுகளும் விளக்குகளும் ஒரே துண்டாக, முதலை வாயைப் பிளப்பதுபோல, முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். முன் டயரின் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம்.

விளையாட்டுக் கார் ஓட்டும் ஆசை எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. நான் இதை வாங்கியது அந்த பானெட்டுக்காக. என் தகப்பனார் சென்னையில் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்டும் இப்படித்தான் திறக்கும். 1961 முதல் சென்னையிலேயே தயாரான அந்த ஹெரால்டும் இந்த ஸ்பிட்ஃபயரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன் மேல் எழுப்பியதுதான் ஸ்பிட்ஃபயர். எங்களுடையது இரண்டு கதவு வண்டி. முன் சீட்டை மடக்கிவிட்டுப் பின்னால் ஏறவேண்டியிருந்ததால், பாட்டி ஒவ்வொரு கோயில் பயணத்தையும் அந்த வண்டியைச் சபித்துக்கொண்டேதான் ஆரம்பிப்பாள்.

அக்டோபர் 10

பேட்டரி செத்துவிட்டது. நான்கு டயரிலும் காற்றில்லை.

அக்டோபர் 24

பெட்ரோல் ஹோஸ்களை விரலால் வளைத்ததுமே வெடிப்புக் கண்டது. 2021 செப்டம்பர் முதல் இந்நாட்டில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள்; பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. புது ஹோஸ் மாட்டி, மிதவைக் கிண்ணங்களில் வார்னிஷ்போல் படிந்திருந்த கசட்டைச் சுரண்டி, கார்புரேட்டர்களின் மேற்கிண்ணத்தில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, வண்டியை வெளியே தள்ளி, பம்பின் அடியிலுள்ள சின்ன நெம்புகோலை விரலால் அடித்து பெட்ரோலை ஏற்றிய பிறகு சாவியைத் திருப்பினேன். நாலாவது தடவை உறுமிற்று. சமையலறை ஜன்னலில் என் மனைவி கைதட்டியதைப் பார்த்தேன். இந்த மாதத்தில் இதைப்போல் ஒரு சந்தோஷம் எனக்கு உண்டாகவில்லை.

இருபத்திரண்டாம் நிமிஷம் நின்றுவிட்டது. இருமவில்லை, திணறவில்லை, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. அரை மணி ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.

அக்டோபர் 25

மழை.

நவம்பர் 4

இதுவரை ஐந்து தடவை நின்றிருக்கிறது. 22, 19, 21, 20, 21 என்று நிமிஷக் கணக்கைக் குறித்து வைத்திருக்கிறேன். பெட்ரோல் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டினேன், நின்றது. நின்ற அந்தக் கணமே மிதவைக் கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன். ததும்ப பெட்ரோல் இருந்தது. அப்படியும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிடுகிறதென்று தீர்மானித்து, குழாயின் மேல் வெள்ளித்தாள் சுற்றி, பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, காய்ச்சல்காரனுக்குப் பணிவிடை செய்வதுபோல ஒரு வாரம் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலாக இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தவர் இன்று உள்ளே வந்தார். கான்லியில் இருபது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தவர். கார்புரேட்டரில் கோளாறு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கரண்டில்தான் கோளாறு என்பது அவர் சித்தாந்தம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டுக்கு நடுவில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். பதினைந்து தௌ, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, இருக்கவேண்டிய இடைவெளி அப்படியே இருந்தது. பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவில் இருந்த கண்டென்சரைத் தட்டிக் காட்டினார். பாயிண்ட் திறக்கும்போது தீப்பொறி அங்கேயே தாவி வீணாகாமல், காயிலின் மின்சாரம் சட்டென்று அறுபடச் செய்வது அதுதானாம். ஆனால் சூடு ஏறினால் அது கைவிட்டுவிடும், ஆறினால் பழையபடி யோக்கியனாகிவிடும், ஆகையால் மேஜைமேல் வைத்துச் சோதித்தால் ஒரு குறையும் அகப்படாது என்றார்.

ராத்திரி சாப்பிடும்போது மனைவி, “உங்க டெஸ்ட்டெல்லாம் நல்லாத்தானே வந்திருக்கு, அதுக்கு எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றாள். கண்டென்சரும் டெஸ்ட்டில் நன்றாகத்தான் வரும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நான் விளக்கவும் இல்லை.

நவம்பர் 19

கண்டென்சர் தபாலில் வரும்வரை கையைச் சும்மா வைத்துக்கொண்டிராமல், முன் சக்கரங்களின் ட்ரனியன்களைப் பார்க்கலாமென்று ஜாக்கி வைத்தேன். சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடிநுனியில் திருகு மரை வெட்டியிருப்பார்கள். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரைதான் கட்டைக்குள் திரும்புகிறது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விடவேண்டும், கிரீஸ் ஆகாது. கிரீஸ் உள்ளே இறங்காமல் வாசலிலேயே உறைந்து நின்றுவிட, தண்ணீர் புகுந்து மரை துருவேறி, ஒருநாள் தூண் ஒடிந்து சக்கரம் படுத்துவிடும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. பதினாலு வயதில், ஹெரால்டுக்கு மாதாமாதம் ஆயில் விடும் பொறுப்பைத் தகப்பனார் என்னிடம் ஒப்படைத்தார். “ஆயில்தாண்டா, கிரீஸ் இல்லை,” என்று இரண்டு தடவை சொன்னார். ஆயில் கன் ஒழுகும், சட்டை பாழாகும், கிரீஸ் கன் சுத்தமான வேலை. ஒரு வருஷத்துக்குமேல் நான் கிரீஸ்தான் அடித்தேன். ஒருநாள் சாயங்காலம், வீட்டு வாசலில் முழு ஒடிப்பு ஒடித்து உள்ளே திரும்பும் சமயத்தில், இடது முன் சக்கரம் முழங்கால் மடங்கிய மாடுபோல் சாய்ந்தது. வேகமே இல்லாததால் யாருக்கும் அடியில்லை. தகப்பனார் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். கட்டையைப் பிரித்ததும் உள்ளே கிரீஸ் இருந்தது. அந்த மனுஷரை அவர் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர், “சத்தியமா நான் கிரீஸ் அடிக்கலை சார்,” என்றார். நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பின் எங்கள் வண்டி அவரிடம் போகவில்லை. தகப்பனார் காலமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

கிழவரிடம் இதைச் சொன்னேன்; உயிரோடு இருக்கும் ஒருவரிடம் சொன்னது இதுவே முதல். ஆயில் விட்ட வண்டிகளிலும் ஒடிந்ததுண்டு, அது கிரீஸால்தான் ஒடிந்தது என்று யார் சொல்ல முடியும் என்றார் அவர். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, உண்மையாகவே சொன்னாரோ.

டிசம்பர் 2

மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைக்குப் போனோம். இல்லாத பிரேக்கை ஒன்பது தடவை மிதித்தேன்.

டிசம்பர் 28

புது கண்டென்சர் மாட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம். பார்சலில் கூடவே வந்த பம்பையும் காயிலையும் பார்த்ததும் கை ஊற, மூன்றையும் ஒரே மத்தியானத்தில் மாற்றிவிட்டேன். ஐம்பது நிமிஷம் ஓடிற்று, நானாகத்தான் அணைத்தேன். கிழவர் வந்து, எது கோளாறு என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்பது தொழிலில் முதல் பாடம். அதை இந்த வயதில் எனக்குச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஓடினால் போதாதா என்கிறாள் மனைவி. போதாது.

ஜனவரி 17

பஸ்ஸில் கான்லிக்குப் போனேன். 1980-இல் கார் கட்டுவதை நிறுத்திய அந்த இடத்தில் இப்போது கடைகளும் ஆபீஸ்களும் இருக்கின்றன. ஒரு தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர். பெயர்ப்பலகைக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குளிர் பொறுக்காமல் வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

பிப்ரவரி 20

ஒரு மாதத்துக்குமேல் எழுதவில்லை. எழுதினால் இதை எழுத வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். சென்ற மாதக் கடைசியில் ஒருநாள் ஸ்பானரைப் பிடித்திருந்த வலது கையில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. ஸ்பானர் தானாக நழுவி விழுந்தது. அரை நிமிஷம் இருக்கலாம். பிரக்ஞை தப்பவில்லை. குளிராக இருக்கலாம்; குனிந்தே இருந்ததனால் நரம்பு பிசகியிருக்கலாம். வைத்தியரிடம் சொன்னால், ஓட்டக்கூடாத காலம் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கக்கூடும். சொல்லாவிட்டால் மார்ச் 27-ஆம் தேதிக்குப் பிறகு லைசென்ஸ் வந்துவிடும்.

ஒருவரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 11

பெண் பர்மிங்ஹாமிலிருந்து வந்து, ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பார்த்தாள். “அப்பா, அடுத்த மாசம் நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்,” என்றாள். அந்த வண்டியில் இடம் இரண்டே பேருக்குத்தான். அவள் உட்காரப்போகும் சீட்டின் பெல்ட் கொக்கியை, அவள் போன பிறகு, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16

தூக்கமில்லை. இரண்டு மணிக்கு எழுந்துபோய் கராஜ் விளக்கைப் போட்டு, பழைய கண்டென்சரைத் தேடி எடுத்தேன். பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

மார்ச் 18

காலையில் பழைய கண்டென்சரை மறுபடி மாட்டினேன். பம்பையும் காயிலையும் தொடவில்லை. பாயிண்டைப் பதினைந்து தௌவுக்கு வைத்து, வண்டியை வெளியே தள்ளி, 11.04-க்கு ஓடவிட்டேன். நன்றாக ஓடும் வண்டியை வேண்டுமென்றே கெடுக்கும் பைத்தியக்காரத்தனத்தைப் பார்க்க வந்த மனைவி, கவிழ்த்துப்போட்ட பெட்டியின் மேல் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள். எஞ்சின் சூடேறியதும், அவள் பக்கம் குனிந்து, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றேன்.

“என்னது?”

“போன ஜனவரியில...”

“ஒண்ணும் கேக்கலை. இது நிக்கட்டும், அப்புறமா சொல்லுங்க.”

முன் டயரின் மேல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு நிமிஷம் ஆகிறது.