கருக்கலில் ஒரு சிவப்புப் புள்ளி

ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். பகலெல்லாம் புதருக்குள் கிடக்கும் பன்றிகள் இருட்டத் தொடங்கியதும் மக்காச்சோளக் கொல்லைகளில் இறங்கும். மான்களை இரவில் சுட அங்கே பொதுவாகத் தடை உண்டு. சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரமானால் சட்டத்தின் கணக்கில் இரவு. பன்றிக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் பரணில் உட்காருபவர்களிடையே துப்பாக்கியைவிட அதன் மேலிருக்கும் ஸ்கோப்பைப் பற்றிய பேச்சு அதிகம்.

ஸ்கோப் ஒளியை உண்டாக்காது. இருக்கிற ஒளியைக் கண்ணில் சேர்க்கும், அவ்வளவுதான். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். அங்கே நெடுங்காலமாகப் புழங்கும் 8x56 ஸ்கோப்பில் அது 7 மில்லிமீட்டர். இளவயதில் கண்பாவை இருட்டில் ஏறத்தாழ அந்த அளவுக்கு விரியும். அறுபதை நெருங்கும் பலருக்கு 5 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். அவர்களுக்கு 8x42 போதும். பெரிய கண்ணாடியின் கனத்தைச் சுமந்தாலும் கூடுதல் ஒளி பாவைக்கு வெளியேதான் விழும். கண்ணாடிப் பூச்சு பற்றி ஒன்று: ஒளி பட்டுத் திரும்பாமல் தடுக்கும் பூச்சை 1935இல் யேனா நகரின் ஸைஸ் நிறுவனத்தில் உருவாக்கியவர் அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா. நல்ல பூச்சில்லாத ஸ்கோப்பை அந்திக்கு வாங்கவே கூடாது.

இனி ஒளிரும் புள்ளி. கறுப்புக் குறுக்குக்கோடு கறுத்த பன்றியின் உடம்பில் கரைந்துபோகும்; அதற்காகத்தான் நடுவில் சிறு சிவப்புப் புள்ளி. கடையில் குழல்விளக்கின் கீழ் அதைப் பார்ப்பவர்கள் எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்றே கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது எவ்வளவு மங்கலாக எரியும் என்பதை. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்குப் புள்ளி கொஞ்சம் அதிகமாக எரிந்தாலும் அதைச் சுற்றி ஒரு சிவப்பு மூட்டம் பரவி விலங்கையே மறைத்துவிடும். புள்ளியின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகில் ஒவ்வொரு படிக்கும் இடையில் அணைக்கும் நிலை இருந்தால் நல்லது. வேண்டிய படிக்கு ஒரே திருப்பில் போய்விடலாம். பையில் ஒரு மாற்று பேட்டரி இருக்கட்டும்.

பவேரியாவில் நண்பர் ஒருவரோடு பரணில் இருந்தபோது நிலவொளியில் பெரிய பன்றி ஒன்று தனியாக வந்து நின்றது. புள்ளி அதன் தோளில் தெளிவாக இருந்தது என்றார் பிறகு. ஆனாலும் அவர் சுடவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு பைனாகுலரை எடுத்தார். சற்று நேரத்தில் உயரமான புல்லுக்குள்ளிருந்து குட்டிகள் வரிசையாக வெளியே வந்தன. குட்டிகளுக்குப் பால்கொடுக்கும் தாயைச் சுடுவது அங்கே குற்றம். சட்டம் இருக்கட்டும், அந்தக் குட்டிகள் பட்டினியில் சாகும். குழல் எங்கே நோக்குகிறது என்பதை மட்டுமே புள்ளி சொல்லும். எதிரே நிற்பது எது, அதன் பின்னால் தோட்டாவைத் தாங்க மண்மேடு உண்டா என்பதைக் கண்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே பணத்தை முதலில் கண்ணாடியில் போடுங்கள், அடுத்து மங்கலாக எரியும் புள்ளியில், உருப்பெருக்கம் கடைசிதான். வாங்கும் முன், இருட்டிய பிறகு ஸ்கோப்பை மட்டும் கடைவாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.