கடைசி ஒன்றுக்கு ஒரு பெயர்

இல்லாமல் போன உயிரினங்களைப் பற்றிப் படிக்கும் பழக்கம் எனக்கு வெகுநாளாக உண்டு. ஓர் உயிர் சாவதைச் சொல்ல ஒரு சொல் போதும். ஓர் இனமே முடிந்துபோவதைச் சொல்லப் பல சொற்கள் வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் உயிரியலாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தச் சொற்களை நான் அகராதியில் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் கேட்டதும் ஏதோ ஒரு பறவையோ விலங்கோ முன்னால் வந்து நிற்கிறது.

எல்லோரும் அறிந்தது 'எக்ஸ்டிங்க்ட்'. அணைந்த நெருப்புக்கும், வாரிசில்லாமல் முடிந்த பிரபுக் குடும்பத்துக்கும் வழங்கிவந்த சொல். கடவுள் படைத்த ஓர் இனம் அடியோடு அற்றுப்போகும் என்பதை ஐரோப்பா நெடுங்காலம் ஏற்கவே இல்லை. 1796ல் பாரிஸில் ஜார்ஜ் கூவியே பழைய யானை எலும்புகளை இன்றைய யானைகளின் எலும்புகளோடு வைத்துப் பார்த்து, இவை வேறு இனம், இன்று உலகில் இல்லை என்று காட்டினார். அதற்குள் மொரீஷியஸ் தீவின் டோடோ முடிந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஓர் இனம் முடிந்துபோக முடியும் என்று தெரிவதற்குள்ளேயே அது முடிந்துவிட்டிருந்தது.

என்னை விடாமல் பற்றிக்கொண்ட சொல் 'எண்ட்லிங்'. 1996ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு கடிதம் முன்வைத்த சொல் இது. ஒரு குலத்தில் கடைசியாக மிஞ்சும் ஒற்றை உயிருக்குப் பெயர். 2001ல் திறந்த ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம், தாஸ்மேனியப் புலியின் காட்சியில் அதைச் சுவரில் எழுதி வைத்தது. பொருத்தமான இடம்தான். தலைக்கு ஒரு பவுன் பரிசு என்று அரசே கொடுத்து அந்த விலங்கைக் கொல்லச் சொன்ன ஊர் தாஸ்மேனியா. காக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது 1936 ஜூலையில். ஹோபார்ட் விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த கடைசி விலங்கு செப்டம்பர் 7ஆம் தேதி செத்தது.

மார்த்தாவின் கதை இன்னும் கனமானது. வட அமெரிக்காவில் பயணிப்புறாக்கள் 300 கோடிக்குக் குறையாமல் இருந்தன என்று மதிப்பிடுகிறார்கள். கூட்டம் பறந்தால் மணிக்கணக்கில் வெயில் மறையும். தந்தியும் ரயிலும் வந்தபின், எந்தக் காட்டில் கூடு கட்டியிருக்கின்றன என்ற சேதி வேட்டைக்காரர்களுக்கு உடனே போய்விடும். சுட்ட பறவைகள் பீப்பாய்களில் நகரச் சந்தைக்குப் போகும். 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் மார்த்தா என்ற ஒற்றைப் பெண்புறா செத்தது. அதைப் பனிக்கட்டியில் உறையவைத்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியனுக்கு அனுப்பினார்கள். எல்லையில்லாத கூட்டமாக இருந்த ஓர் இனம், ஒரு கூண்டில் ஒரு பெயரோடு முடிந்தது. கூட்டமாக இருந்தவரை அதில் எந்தப் புறாவுக்கும் பெயர் தேவைப்படவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கலங்குகிறது.

ஹவாய் தீவுகளில் காவாய் ஓஓ என்றொரு பறவை. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும். கடைசியாக எஞ்சிய ஆணின் குரலை 1980களில் பதிவு செய்தார்கள். 1987க்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை. அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறேன். ஆண் பாடி நிறுத்துகிறது, காத்திருக்கிறது, மறுபடி பாடுகிறது. இனம் தொடரும் வழி அடைந்துபோய், உயிர் மட்டும் மிஞ்சியிருக்கும் நிலைக்கும் ஆங்கிலத்தில் தனிப்பெயர் உண்டு: 'ஃபங்ஷனலி எக்ஸ்டிங்க்ட்'. கென்யாவில் நஜின், ஃபாத்து என்ற தாயும் மகளுமான இரண்டு வட வெள்ளைக் காண்டாமிருகங்கள் இன்று அந்த நிலையில் இருக்கின்றன. சூடான் என்ற கடைசி ஆண் 2018 மார்ச்சில் இறந்தது.

இத்தனை பெயர்கள் எதற்கு, போனது போனதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். பிலிப்பைன்ஸின் செபு தீவில் ஒரு சிறு பூக்கொத்திப் பறவை உண்டு. காடு வெட்டப்பட்டுவிட்டது, பறவையும் போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்டார்கள். 1992ல் அது மீண்டும் கண்ணில் பட்டது. பறவையியலாளர் நைஜல் காலர் இப்படிக் கைவிடுவதற்கு 'ரோமியோ பிழை' என்று பெயரிட்டார். உயிரோடு இருந்த ஜூலியட்டைச் செத்தவள் என்று நம்பி ரோமியோ தன் உயிரை விட்டானே, அந்தப் பிழை. போய்விட்டது என்று எழுதிவிட்டால் காவல் போகும், பணம் போகும், மிச்சமிருக்கும் காட்டுத் துண்டும் வெட்டப்படும். சொல்லே கொல்லும். அதனால்தான் உயிரினங்களின் நிலையைப் பதிவுசெய்யும் சிவப்புப் பட்டியலைத் தயாரிப்பவர்கள், கடைசி உயிரும் இறந்தது என்பதில் நியாயமான ஐயம் துளியும் இல்லாதபோது மட்டுமே 'எக்ஸ்டிங்க்ட்' என்று எழுதுகிறார்கள். இந்தத் தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. ஆந்திரத்தின் ஜெர்டான் கோர்சர் என்ற பறவையை 1900க்குப் பிறகு எந்த அறிஞரும் பார்க்கவில்லை. போய்விட்டது என்றே புத்தகங்கள் கருதின. ஆனால் கடப்பைப் பக்கத்துப் புதர்க்காட்டில் வேட்டையாடிப் பிழைத்தவர்கள் அதைக் கலிவி கோடி என்று பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். 1986 ஜனவரியில் அவர்களில் ஒருவர் இரவில் அதைப் பிடித்து வந்து காட்டினார். அந்தக் காடு பிறகு சரணாலயம் ஆனது. பட்டியல்காரர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இவர்களைத்தான்.

இளஞ்சிவப்புத் தலை வாத்து கங்கைச் சமவெளிச் சதுப்புகளிலும் மியன்மாரிலும் வாழ்ந்தது. 1949க்குப் பிறகு உறுதியான பதிவு எதுவும் இல்லை. இருந்தும் சிவப்புப் பட்டியலில் அது அற்றுப்போனதாக எழுதப்படாமல், மிக அருகிய இனமாகவே இருக்கிறது. 2017ல் மியன்மாரின் இந்தாவ்ஜி ஏரிப்பக்கம் தேடிப் போனவர்களுக்கு வாத்து கிடைக்கவில்லை. அந்தச் சதுப்புகளில் பார்க்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை அது அற்றுப்போனது என்று யாரும் எழுதக் கூடாது என்பதே என் வேண்டுதல்.